நாலாவது பாட்டைப் பற்றி நேயர் கருத்து

நானூறு பேருக்கு மேல் கருத்துச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒருத்தர்கூட பேஸ் கிட்டாரைப் பற்றி மூச்சு விடவில்லை.

சூப்பர்வைசர் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஆல்பத்தின் இணையப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை மறுபடி ஒரு தடவை துழாவிப் பார்த்தார். 'ஈரச்சுவர்' என்ற ராக் குழுவின் 'ஞாயிறு மத்தியானம்' என்ற ஆல்பம் வெளிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை பெயரைக் கேட்டால் பெயின்ட் கம்பெனியா என்று விசாரித்த ஜனம், இப்போது அதைக் காதில் மாட்டிக்கொண்டே திரிந்தது. பாடகனின் குரல் நெஞ்சைக் கிழிக்கிறது என்று பலர் உருகியிருந்தார்கள். டிரம்ஸ் அல்ல, இடி என்றார்கள். அட்டைப்படத்தில் இருக்கும் நாற்காலியைப் பற்றி ஒரு பெண் இரண்டு பத்தி எழுதியிருந்தாள். மூன்றே பேர் உள்ள குழுவில் மூன்றாவது ஆளைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. அந்த மூன்றாவது ஆள் அவருடைய ஒரே மகள்.

"நாற்காலிக்கு இருக்கிற மரியாதைகூட என் பொண்ணுக்கு இல்ல சார்," என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னார்.

"நாற்காலி யாரோடது?"

"எங்க வீட்டுதுதான்."

"அப்புறம் என்ன சார், குடும்பத்துக்குள்ளதானே," என்றார் மேஜைக்காரர்.

சூப்பர்வைசருக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

வாஷிங் மெஷின் கம்பெனியில் வாடிக்கையாளர் குறை தீர்க்கும் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். தண்ணீர் இறங்கவில்லை, துணி கிழிகிறது, மெஷின் நடந்து நடந்து வாசல்வரை வந்துவிட்டது என்று ஊர் உலகமே எழுதும் புகார்களைப் படித்துப் படித்து, எது நிஜமான மனிதர் எழுதியது, எது போட்டிக் கம்பெனிக்காரன் எழுதியது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவார். நிஜமான ஆள் பாராட்டும்போதுகூட ஓரமாக ஒரு குறை சொல்வான். முழுக்கப் புகழ்ந்தால் அது சொந்தக்காரன் என்பது அவருடைய சித்தாந்தம்.

இந்த ஆல்பத்தில் அவருக்கும் பங்கு உண்டு. ஸ்டூடியோவுக்கு வழியில்லாமல் அந்தப் பிள்ளைகள் தவித்தபோது, தன் வீட்டுப் பின்னறையை அவர்தான் விட்டுக்கொடுத்தார். போன வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி வைத்துக்கொண்டு உள்ளே பதிவு செய்தார்கள். அவர் ஹாலில் சோபாவில் படுத்து, "நீங்க பாட்டுக்கு வாசிங்க, நான் ஒரு சத்தம் காட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு சாயங்காலம்வரை நிம்மதியாகத் தூங்கினார். அவர் மனைவி மட்டும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நடமாடினாள். பதிவெல்லாம் முடிந்த பிறகும் அவள் பஞ்சை விடவில்லை. பாவம், ராக் இசை அவளை அந்த அளவுக்கு மிரட்டிவிட்டது என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டார்.

ஆல்பத்தின் உறையில் கடைசி வரியாக, 'எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பாவுக்கு நன்றி' என்று போட்டிருந்தார்கள். அதை அவர் தன் பிரிவில் இருந்த அத்தனை பேரிடமும் காட்டிவிட்டார். பியூனிடம் இரண்டு தடவை.

சரி, ஆல்பத்தைக் கேட்டாரா என்றால், கேட்டார். ஆல்டர்நேட்டிவ் ராக் என்கிறார்களே, எதற்கு மாற்று என்று ஒரு நாள் மகளிடம் கேட்டதற்கு, "எல்லாத்துக்கும்ப்பா" என்றாள். கேட்டபோது அது உண்மை என்று தெரிந்தது. ஒன்றும் புரியவில்லை. முதல் பாட்டில் யாரோ யாரையோ திட்டினார்கள். இரண்டாவதில் மன்னிப்புக் கேட்டார்கள். மூன்றாவதில் டிரம்ஸை யாரோ மாடிப்படியில் உருட்டிவிட்டார்கள். எழுந்து போய்விடலாம் என்று நினைத்த நேரத்தில் நாலாவது பாட்டு வந்தது.

அதில் பாடகன் முனகிக்கொண்டிருக்க, அவனுக்கும் கீழே, ரொம்பக் கீழே, ஒரு கனமான சத்தம் எழுந்து அடங்கி எழுந்து அடங்கி வந்தது. சூப்பர்வைசருக்கு உடம்பு சிலிர்த்தது. ஏதோ ஜென்மத்துப் பழக்கம் போல் இருந்தது. பேஸ் கிட்டார் என்றால் அடியில் நின்று பாட்டைத் தாங்குவது என்று மகள் சொல்லியிருக்கிறாள். ஆகா, இதுதானா அது என்று தோன்றியது. ரத்த பாசம் இல்லாமல் இப்படி இழுக்குமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதனால், அன்று மதியம் 'நேயர் கருத்து' என்ற கட்டத்தில், 'பாமரன்' என்ற பெயரில், தொழில் தெரிந்த கையால் இப்படித் தட்டினார்:

'ஆல்பம் கிடைத்தது. உறையின் ஓரம் சற்றே மடங்கியிருந்ததில் வருத்தம். மற்ற பாட்டுகள் பரவாயில்லை. ஆனால் நாலாவது பாட்டின் அடியில் ஓடும் பேஸ் ஒலி தரமான தயாரிப்பு. அதிர்வு இருக்கிறது, ஆட்டம் இல்லை. பாரம் ஏற ஏற நிதானம் கூடுகிறது. ஒரு இடத்தில் நின்றே போய்விட்டதோ என்று பதறி எழுந்துவிட்டேன். தானாக மறுபடி ஓடத் தொடங்கியது. ஆயுளுக்கும் உழைக்கும்.'

மறுநாள் வந்து பார்த்தால் அந்தப் பக்கம் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

'அதிர்வு இருக்கிறது, ஆட்டம் இல்லை. இதுக்கு மேல ஒரு விமர்சனம் எழுத முடியாது' என்று ஒருவன். 'ஆமாம், அந்த நிக்கிற இடம். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போயிட்டு வருது' என்று இன்னொருத்தி. 'ரெண்டு வருஷமா தூக்கம் இல்லாதவன் நான். நாலாவது பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன், எப்ப தூங்கினேன்னே தெரியல' என்று மூன்றாவது ஆள். ஒருத்தர் வீட்டு நாய் அந்தப் பாட்டுக்கு மட்டும் ஸ்பீக்கரை ஒட்டிப் போய்ப் படுத்துக்கொள்கிறதாம்.

சூப்பர்வைசர் அன்று இரண்டு டீ சேர்த்துக் குடித்தார். மெஷின் வாசலுக்கு நடந்து வருகிறது என்ற புகார்க்காரருக்குக்கூட அன்பாகப் பதில் எழுதினார்.

வீட்டில் மகள் முகம் மட்டும் செத்துக் கிடந்தது.

"என்னம்மா, உலகமே உன் பேஸைப் பத்திப் பேசுதாமே. ஆபீஸ்ல சொன்னாங்க," என்றார் ஒன்றும் தெரியாதவர் போல.

"அதான்ப்பா பிரச்சினை."

"புகழ் வந்தா பிரச்சினையா?"

"அப்பா, அந்தப் பாட்டுல..." என்று ஆரம்பித்தவள், சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "ஒண்ணும் இல்லப்பா. விடுங்க."

விடுவதற்குக் காரணம் இருந்தது. சூப்பர்வைசர் தங்கமான மனிதர்தான். ஆனால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேலியாக வந்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். மச்சினன் ஒரு தடவை அவரோடு ரயிலில் வந்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தான் என்று அவனோடு மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன சொன்னான் என்று கேட்டால் "அபாண்டம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதனால் அந்த வீட்டில் அவரைத் தொடும் எந்த விஷயத்தையும் மென்று முழுங்கித்தான் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குழு வந்தது. டிரம்மர் கூரியர் ஆபீஸில் வேலை பார்ப்பவன். வாயில் எப்போதும் பிஸ்கட் இருப்பதால் அதிகம் பேச மாட்டான். பேசினால் மனசில் இருப்பது அப்படியே வந்துவிடும். ஆனால் மரியாதை தெரிந்தவன். எப்போது வந்தாலும், "அங்கிள், நல்லா தூங்குறீங்களா?" என்று விசாரிக்காமல் உள்ளே போக மாட்டான். இந்தக் காலத்தில் பெரியவர்களின் உடம்பைப் பற்றி யார் கேட்கிறார்கள்.

பாடகன் அப்படி இல்லை. தோள்வரை முடி, தொட்டால் சுருங்கும் மனசு. பின்னறைக் கதவு லேசாகத் திறந்திருக்க, அவன் புலம்புவது ஹாலில் கேட்டது.

"அந்தப் பாட்டை நான் ரத்தத்தால எழுதினேன். அவ என்னை விட்டுட்டுப் போன அன்னைக்கு எழுதினேன். ஒருத்தனும் வரியைக் கேக்க மாட்டேங்கிறான். எல்லாம் அடியில ஓடுற சத்தத்தையே கேக்குறான்."

"நான் என்ன பண்ண?" என்றாள் மகள்.

"அதை அப்பவே எடுத்திருக்கணும். நீங்க ரெண்டு பேரும்தான் இருக்கட்டும்னு சொன்னீங்க."

"சுருதி சேந்துதுல்ல," என்றான் டிரம்மர்.

சூப்பர்வைசருக்கு விஷயம் பளிச்சென்று விளங்கியது. பொறாமை. தன் பெண் கொஞ்சம் தலையைத் தூக்கியதும் பாடகனுக்கு வயிறு எரிகிறது. குழுவுக்குள் பகை வந்தால் நாளைக்கு இவளைத்தான் வெளியே தள்ளுவான். தான் ஏற்றிவிட்டதைத் தானே கொஞ்சம் இறக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். மெஷின் அதிகமாகச் சுற்றினால் வேகத்தைக் குறைப்பதில்லையா.

திங்கட்கிழமை 'நடுநிலையாளன்' பிறந்தான்.

'பாமரன் என்பவருக்குக் காது இருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது. நாலாவது பாட்டில் வருவது பேஸா? அடைத்துக்கொண்ட குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம். தாளம் இல்லை, கட்டுப்பாடு இல்லை, எங்கே தொடங்குகிறோம் எங்கே முடிக்கிறோம் என்று செய்கிறவருக்கே தெரியவில்லை. இந்தச் சத்தத்தோடு ஒரே வீட்டில் இருப்பவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. பாடகரின் வரிகள் நன்று.'

பெற்ற பெண்ணை இப்படி எழுதும்படி ஆகிவிட்டதே என்று அன்று அவர் டீயே குடிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கைப்பேசியை வைத்துக்கொண்டு அடுப்பு மேடையைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"இங்க பாருங்க, யாரோ நடுநிலையாளனாம். 'ஒரே வீட்டில் இருப்பவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.' அப்படியே எனக்காகவே எழுதின மாதிரி இருக்குங்க."

"பெத்த பொண்ணைத் திட்டியிருக்கான், நீ சிரிக்கிற."

அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். "இந்த மனுஷன் யாருன்னு தெரிஞ்சா கூப்பிட்டு ஒரு நாள் சாப்பாடு போடணும்."

தினமும் போட்டுக்கொண்டுதானே இருக்கிறாய் என்று அவருக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. முழுங்கினார்.

நடுநிலையாளனால் வேகம் குறையவில்லை. மெஷினே கூரையில் ஏறிவிட்டது. பாமரன் கட்சி, நடுநிலையாளன் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். பாமரன் கட்சிக்காரர்கள் 'அதிர்வு உண்டு ஆட்டம் இல்லை' என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். நடுநிலையாளன் கட்சிக்காரர்கள், வாசித்தவர் இசையை விட்டுவிட்டு நல்ல டாக்டரைப் பார்ப்பது உத்தமம் என்று எழுதினார்கள். அதைப் படித்ததும் சூப்பர்வைசருக்கு ரத்தம் கொதித்தது. தன் பெண்ணைத் தான் திட்டலாம். கண்டவன் திட்டலாமா?

உடனே மூன்றாவது ஆளாக, 'ஓய்வுபெற்ற இசைப் பேராசிரியர்' என்று களத்தில் குதித்தார்.

'அறியாமையில் பேச வேண்டாம். அந்த ஒலி யாரும் கற்றுத்தந்து வருவதல்ல, உள்ளிருந்து வருவது. அதை நான் மிக அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தக் கலைஞர் கண்ணை மூடிவிட்டால் உலகமே தெரியாது. ஆல்பத்தில் நீங்கள் கேட்பது பாதிதான். நேரில் கேட்டால் கூரை அதிரும்.'

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

அந்தக் கருத்தை மொழிபெயர்த்து யாரோ எங்கேயோ போட, கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய இசை மேடைகளை நடத்தும் ஒரு அம்மாள் அதைப் படித்துவிட்டாள். அந்த வாரமே அவளிடமிருந்து அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்டது. ஈரச்சுவர் குழு அங்கே வர வேண்டும். போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே ஒரு நிபந்தனை. நாலாவது பாட்டில்தான் ஆரம்பிக்க வேண்டும், அந்தச் சத்தம் மேடையிலேயே, எல்லார் கண்ணெதிரிலும் வர வேண்டும். பதிவு செய்ததைப் போட்டு ஏமாற்றினால் ஒப்பந்தம் ரத்து. ஒரு பேராசிரியரே நேரில் கேட்டுச் சாட்சி சொல்லியிருக்கிறாரே, என்ன கஷ்டம் என்றாள் அந்த அம்மாள்.

சூப்பர்வைசர் கையைத் தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. மகள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், அட்டைப்படத்து நாற்காலியேதான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிம்மதி போயிற்று. அலுவலகத்திலிருந்து அவர் திரும்பும் நேரமெல்லாம் பின்னறை சாத்தியிருக்கும். உள்ளே மகள் பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை இழுத்து இழுத்து அந்தச் சத்தத்தை வரவழைக்கப் பார்ப்பாள். கதவுக்கு வெளியே நின்று அவர் கேட்பார். வரவில்லை. கிட்டத்தில்கூட வரவில்லை. ஒரு நாள் கிட்டாரைக் கட்டிலில் போடும் சத்தமும், அப்புறம் விசும்பலும் கேட்டன.

தன்னை மறந்து எப்போதோ ஒரு தடவை அற்புதமாக வாசித்த குழந்தையை, மூன்று வேஷம் போட்டுக் குழப்பி, சொந்தச் சத்தத்தையே தொலைக்க வைத்துவிட்டோம் என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். அவள் முதன்முதலில் பேஸ் கிட்டார் வாங்கி வந்த அன்று, "நாலு கம்பிதான் இருக்கு, ஆறு கம்பி கிடைக்கலையா?" என்று கேட்டவர் அவர். அதற்குப் பிறகும் அவள் வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று அவளிடம் ஒரு நாள் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் பொய்ப் பெயரில் சொன்னதை, சொந்தப் பெயரில் பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சோபாவில் படுத்தார், தூக்கம் பிடிக்கவில்லை. பின்னறையிலிருந்து தணிந்த குரலில் பேச்சு கேட்டது.

"வேற வழியே இல்ல," என்றான் பாடகன். "அந்த ஆளைத்தான் கூட்டிட்டுப் போகணும்."

"அவர் ஒத்துக்க மாட்டார்," என்றாள் மகள். "கேட்டாலே உடைஞ்சிடுவார்."

"சாப்பாடு மட்டும் பலமா போட்டுட்டா போதும்," என்றான் டிரம்மர். "சத்தம் தானா வரும்."

"நீ போய்க் கேளு."

"நான் மாட்டேன். நீ கேளு."

சூப்பர்வைசர் எழுந்து உட்கார்ந்தார். ஆக, முடிவு செய்துவிட்டார்கள். தன் பெண்ணை ஒதுக்கிவிட்டு எவனோ ஒரு வாசிப்புக்காரனை ஏற்றுமதி செய்யப்போகிறார்கள். அதுவும் வயிறு நிறைந்தால்தான் வாசிப்பானாம், ஒரு சாப்பாட்டு ராமன். இந்தக் கொடுமைக்குத் தன் பெண்ணே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இனியும் மானம் மரியாதை பார்த்துப் பயனில்லை என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னறைக் கதவைத் தள்ளினார்.

மூன்று பேரும் திருட்டு முழி முழித்தார்கள். சத்தம் கேட்டு மனைவியும் சமையலறையிலிருந்து வந்து அவர் பின்னால் நின்றாள்.

"யாரும் பேசாதீங்க. நான் பேசிடுறேன்," என்றார் அவர். "பாமரன் நான்தான்."

"அப்பா..."

"நடுநிலையாளனும் நான்தான். அந்தப் பேராசிரியரும் நான்தான். எனக்குச் சங்கீதம் ஒரு மண்ணும் தெரியாது. வாஷிங் மெஷினைப் பத்தி எழுதுற மாதிரி எழுதினேன். ஊர் பைத்தியம் பிடிச்சு ஆடுது. அந்தத் தப்புக்கு என்னை என்ன வேணா சொல்லுங்க. என் பொண்ணை விட்டுட்டு எவனோ ஒரு தின்னிப்பயலைக் கூட்டிட்டுப் போகாதீங்க."

மனைவி ஒரு காதிலிருந்து பஞ்சை மெல்ல எடுத்தாள். பாடகன் கூரையைப் பார்த்தான்.

சூப்பர்வைசர் மகளின் முன்னால் போய் நின்றார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உன்கிட்ட நேரா சொல்லியிருக்கணும்மா. சொல்லல. இப்ப சொல்றேன். எனக்கு இந்த ஆல்பத்துல வேற எதுவும் பிடிக்கல. ஆனா அந்த நாலாவது பாட்டுல வர்ற சத்தம் இருக்கு பாரு, அந்த மாதிரி இந்த உலகத்துல இன்னொருத்தரால முடியாது. அது என் ரத்தம்னு கேட்டவுடனே தெரிஞ்சுபோச்சு."

மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. டிரம்மர் வாயிலிருந்த பிஸ்கட்டை நிதானமாக மென்று முழுங்கினான்.

"அங்கிள், அந்தப் பாட்டுல பேஸே கிடையாது, அது சோபாவுல நீங்க விட்ட குறட்டை. உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்கா?"